பழைய ஃபேஸ் ஒன் டிஜிட்டல் பேக்கை வாங்கலாமா?

கேள்வி: காஞ்சிபுரத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பட்டுச் சேலைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் கேட்டலாக் படங்கள் எடுத்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா. அரக்குச் சிவப்பும் மயில்கழுத்து நிறமும் சேலையில் இருப்பதுபோல் படத்தில் வரவில்லை என்று கடைக்காரர்கள் குறைப்படுகிறார்கள். ஃபேஸ் ஒன் பி45 பிளஸ் டிஜிட்டல் பேக் (கேமராவின் பின்புறம் மாட்டும் சென்சார் பெட்டி), மாமியா பாடி, 80 மி.மீ. லென்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து நல்ல விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஃபுல் ஃபிரேமைவிடப் பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட்டின் நிறமே தனி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே ஆசை வரும், வரவேண்டிய பெயர்தான். ஆனால் உங்கள் தொழிலுக்கு அவர்களிடமிருந்து தேவைப்படுவது கேமரா அல்ல, அவர்கள் உருவாக்கிய கேப்சர் ஒன் என்ற படத் திருத்த மென்பொருள். அதை உங்கள் 24 மெகாபிக்சல் கேமராவுடனேயே பயன்படுத்தலாம்.

விற்பனைக்கு வந்திருக்கும் பொருள் என்னவென்று முதலில் பார்ப்போம். ஃபேஸ் ஒன் 1993-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கிய நிறுவனம். ஃபிலிம் கேமராவின் பின்புறத்தில் ஃபிலிம் பெட்டி மாட்டும் இடத்தில் சென்சார் பொருத்திய பெட்டியை மாட்டுவதுதான் டிஜிட்டல் பேக். பி45 பிளஸ் 2007-இல் வந்தது. கோடாக் தயாரித்த 39 மெகாபிக்சல் சிசிடி சென்சார். அளவு ஏறக்குறைய 49 × 37 மி.மீ. உங்கள் கேமராவின் 36 × 24 மி.மீ. சென்சாரைப் போல இரண்டு மடங்கு பரப்பு. குறைந்த ஐஎஸ்ஓ-வில், ஸ்டுடியோ ஃபிளாஷ் வெளிச்சத்தில், இன்றைக்கும் அது அழகான படம் தரும். அதை மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பி45 பிளஸ் படத்தின் நீளப் பக்கத்தில் 7,216 புள்ளிகள். உங்கள் கேமராவில் சுமார் 6,000. முந்தியின் முழு அகலம், அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டர், சட்டத்தை நிரப்பும்படி எடுத்தால் உங்கள் கேமரா ஒரு மில்லிமீட்டருக்கு 5 புள்ளிகள் பதிக்கும். அந்த பேக் 6. அந்த ஒரு புள்ளிக்காகவா இத்தனை செலவு? ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் முழுதாக அச்சடிக்க 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படும். விரித்தால் இரண்டு பக்கத்துக்கு ஓடும் படத்துக்கும் 18 போதும். கடையின் சுவரை நிரப்பும் படம் அச்சிடுவதென்றால் பேச்சு வேறு.

இனி நிறம். உங்கள் உண்மையான சிக்கல் இதுதான், இதற்கும் சென்சாரின் அளவுக்கும் சம்பந்தம் குறைவு. அரக்குச் சிவப்புப் பட்டை எடுக்கும்போது ஹிஸ்டோகிராமின், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தின், மொத்தக் கோடு பத்திரமாகத் தெரியும். சிவப்பு சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால் அது வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே மடிப்புகளின் விவரமெல்லாம் அழிந்து, சேலை பெயின்ட் அடித்ததுபோல் தட்டையாகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்துப் பாருங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே தெரியும்.

மயில்கழுத்து இன்னும் சுவாரசியமானது. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் எந்த நூல் ஒளியை அதிகமாகத் திருப்புகிறதோ அந்த நிறம் மேலே வரும். கடையில் வாடிக்கையாளர் சேலையைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார், இரண்டு நிறமும் தெரிகிறது. நீங்கள் சேலையைச் சமதளமாக விரித்து, இருபுறமும் சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்தால் இரண்டும் கலந்து ஒரு மந்தமான நிறம்தான் மிஞ்சும். 150 மெகாபிக்சல் கேமராவும் இதையேதான் செய்யும். துணியை அலையாக மடித்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். மடிப்பின் முகட்டில் ஒரு நிறமும் சரிவில் மற்றொன்றுமாகப் பிரிந்து நிற்கும். அறையின் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். இதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் பல ஸ்டுடியோக்களில் அது எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்தக் கால ஃபேஸ் ஒன் பேக்குகளின் நிறத்துக்குக் கிடைத்த புகழில் பெரும்பங்கு சென்சாருக்கு அல்ல, ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக நிற ப்ரொஃபைல் தயாரித்த கேப்சர் ஒன்னுக்கே சேர வேண்டும் என்பது என் கருத்து. அந்த மென்பொருள் இன்று தனி நிறுவனம். கேனன், நிக்கான், சோனி, ஃபூஜி என்று எல்லா முக்கியக் கேமராக்களின் ரா கோப்புகளையும், அதாவது சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளையும், திறக்கிறது. உங்கள் மாடலை நேரடி இணைப்பில், அதாவது டெதரிங்கில், ஏற்கிறதா என்று அவர்களின் பட்டியலில் பார்த்துவிட்டுச் சோதனைப் பதிப்பை இறக்குங்கள்.

அதில் நான் செய்யச் சொல்வது இது. ஒரு செஷன் (ஒரு வேலைக்கான தனிக் கோப்புறை) தொடங்கி, கேமராவை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணையுங்கள். முதல் படத்தில் சேலையின் மேல் நிறக் கட்டங்கள் அச்சிட்ட கலர் செக்கர் அட்டையை வைத்து எடுத்து, சாம்பல் கட்டத்தில் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். படத்தின் வெளிச்சத்தை வகுக்கும் வளைவை (கர்வ்) ஆட்டோவிலிருந்து லீனியர் ரெஸ்பான்ஸுக்கு மாற்றினால் சிவப்பு அடங்கி, விவரம் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். பிறகு வெளிச்சத்தைத் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம். கலர் எடிட்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் அரக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, சேலையைத் திரையின் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்துங்கள். முடித்ததை ஐசிசி ப்ரொஃபைலாக, அதாவது நிற விவரக் கோப்பாக, சேமித்தால், அதே விளக்கில் எடுக்கும் அடுத்த சேலைகளுக்கும் அது உதவும். அடுத்து எடுக்கும் படங்கள் முந்தைய படத்தின் திருத்தங்களோடு தானாக வந்து இறங்கும்படியும் அமைக்கலாம். கடைக்காரர் பக்கத்தில் நின்று சேலையையும் திரையையும் ஒப்பிட்டு ஒப்புதல் சொல்லிவிட்டால் பின்னால் வரும் சண்டை பாதி குறையும். மானிட்டரை அளவுக்கருவி கொண்டு காலிபரேட் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

பழைய பேக் வாங்கினால் வேறொரு தலைவலியும் சேர்ந்து வரும். பி45 பிளஸ் கணினியோடு பேசுவது ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பு வழியாக. இன்றைய மேக் கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டினாலும் புதிய மேக் இயங்குதளம் அதை ஏற்காமல் போகலாம்; பழைய கணினி ஒன்றை இதற்கென்றே வளர்க்க வேண்டிவரும். பேக் எந்த மவுன்ட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த பாடியில்தான் மாட்டும். மாமியாவுக்கானதை ஹாசல்பிளாடில் மாட்ட முடியாது. பழுது என்றால் போக்குவரத்துச் செலவும் காத்திருப்பும் உங்களுடையது. ஃபேஸ் ஒன் இப்போது முனைப்பாக இருப்பது விமானத்திலிருந்து நிலத்தை அளக்கும் கேமராக்களிலும், ஓவியங்களையும் பழைய ஆவணங்களையும் பதிவு செய்யும் கருவிகளிலும்தான்.

பட்டுக்கு என்றே இன்னொரு சங்கடம் உண்டு, மாரே. ஜரிகைக் கரையின் நெசவும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதிக்கொள்ளும்போது கரை முழுவதும் வானவில் கோடுகள் ஓடும். இதை மட்டுப்படுத்தும் ஆன்டி-ஏலியாஸிங் கண்ணாடி மீடியம் ஃபார்மட் பேக்குகளில் இருக்காது. உங்கள் கேமராவில் இப்போதே வந்தால் கேமராவை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்தியோ, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப் 16-க்கு மூடியோ பாருங்கள், 100 சதவீதத்தில் பெரிதாக்கிச் சோதியுங்கள். மிஞ்சியதை கேப்சர் ஒன்னின் மாரே கருவியால் ஓரளவு துடைக்கலாம்.

பிற்காலத்தில் பணம் சேர்ந்து மேலே போக நினைத்தால், ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். சோனி ஏ7ஆர் 4-இன் 61 மெகாபிக்சல், ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100-இன் 102, ஃபேஸ் ஒன் ஐக்யூ4-இன் 151 ஆகிய மூன்றிலும் ஒரு பிக்சலின் அளவு ஒன்றுதான்: 3.76 மைக்ரான். அதிக விலை கொடுத்து நீங்கள் வாங்குவது கூடுதல் பரப்பை. கேட்டலாக் வேலைக்கு முதலில் வாடகைக்கு எடுத்து, ஒரு முழு நாள் சேலைகளை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நகைக்கு வந்தால் பெரிய சென்சார் உதவியைவிட இடைஞ்சல்தான் அதிகம். ஒரே சட்டத்தில், ஒரே அப்பர்ச்சரில், சென்சார் பெரிதானால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் குறையும். ஜிமிக்கியின் முன்மணி கூர்மையாக இருக்கும்போது பின்மணி கரைந்துபோகும். எஃப் 22-க்கு மூடினால் டிஃப்ராக்ஷன் (சிறு துவாரத்தில் ஒளி சிதறுவது) வந்து கல்லின் பட்டைகளை மழுக்கிவிடும். உங்கள் கேமராவிலேயே எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஃபோகஸ் ஸ்டாக்கிங் மென்பொருளில் ஒன்றாக இணையுங்கள். அதற்கு வேண்டியது நல்ல மேக்ரோ லென்ஸும் அசையாத டிரைபாடும். பேக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் இவ்விரண்டையும் முதலில் வாங்குங்கள்.