விட்டேக்கருக்கு வெறும் 15 ஓட்டு! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், ‘பேஸ்பாலில் உரிய மரியாதை கிடைக்காமல் போன ஆட்டக்காரர் யார்?’ என்று கேட்டிருந்தார். ‘டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் செகண்ட் பேஸ்மேன் (இரண்டாம் பேஸ் பக்கம் நிற்கும் ஃபீல்டர்) லூ விட்டேக்கர்’ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, ‘இந்த முறை முழுப் பக்கமும் பேஸ்பாலுக்கே’ என்று சொல்லிவிட்டார் ஆசிரியர். மிச்சிகனில் கார் கம்பெனி ஒன்றில் டை டிசைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டைகர்ஸ் பைத்தியம். நடுநிலையை எதிர்பார்ப்பவர்கள் ஜோதிடப் பக்கத்துக்குப் போகலாம்.

கேள்வி: விட்டேக்கரின் பேட்டிங் சராசரி .276 என்று பார்த்தேன். நூறு தடவை ஆடினால் 28 தடவைகூட அடிக்காதவருக்கா இத்தனை வக்காலத்து? – கிரிக்கெட் ரசிகர், கும்பகோணம்

அந்தச் சராசரியே உங்கள் கிரிக்கெட்டிலிருந்து போனதுதான் சார். இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஹென்றி சாட்விக், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். பேஸ்பாலுக்கு ஸ்கோர் அட்டவணையும் கணக்கு வழக்கும் ஏற்படுத்தித் தந்த புண்ணியவான். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். பிட்சர் (பந்து வீசுபவர்) நான்கு பந்துகளை அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவது) நடந்து போகலாம். அதற்கு ‘வாக்’ என்று பெயர். அது பிட்சரின் தப்பு, அதில் பேட்டரின் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை என்பது சாட்விக்கின் கட்சி. அதனால் இன்றுவரை வாக் எத்தனை வாங்கினாலும் பேட்டிங் சராசரியில் ஏறாது. 1887-இல் மட்டும் ஒரே ஒரு வருஷம் வாக்கையும் ஹிட்டாக (அடித்து பேஸ் ஏறியதாக) எண்ணிப் பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் டிப் ஓ'நீல் .492 என்று போய் நின்றார்! அடுத்த வருஷமே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போதைய ஏடுகளில் அவருடைய எண் .435.

ஆசை காட்டும் பந்தைத் தொடாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்திப் போய் எத்தனை பேர் அவுட் ஆகிறார்கள்! விட்டேக்கர் வாங்கிய வாக் 1,197. ஸ்ட்ரைக் அவுட் (பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே அவுட்) ஆனது 1,099. முதலாவது எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் பேட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் இது. வாக்கையும் சேர்த்தால் அவர் பேஸ் ஏறிய விகிதம் .363. அதற்கு மேல் 244 ஹோம் ரன் (உங்கள் சிக்ஸர் மாதிரி). இதெல்லாம் செகண்ட் பேஸ் ஆடிக்கொண்டே.

செகண்ட் பேஸ் என்றால் என்ன வேலை என்று பழைய டைகர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மாடியைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பாதி ஆட்டத்தை மறைக்கும் மைதானம் அது. பந்து தரையோடு உருண்டு, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெல்லிடம் வரும். அவர் எடுத்து, நிமிராமலே இடுப்பு உயரத்தில் தள்ளிவிடுவார். விட்டேக்கர் இடது காலால் பேஸைத் தொட்டபடி பந்தை வாங்குவார். அந்த நேரத்தில் எதிரணி ஓட்டக்காரன் அவர் காலை வாருவதற்கென்றே சறுக்கிக்கொண்டு வருவான். இவர் ஒரு துள்ளல் துள்ளி, அவன் தலைக்கு மேலே அந்தரத்தில் இருந்தபடியே மணிக்கட்டைச் சொடுக்குவார். பந்து முதல் பேஸில் இருக்கும். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். மடியில் ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக இருக்கும் பெரியவர்கள் ‘6-4-3’ (ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், முதல் பேஸ் இடங்களின் எண்கள்) என்று குறித்துக்கொள்வார்கள். சுற்றிலும் ‘லூஊஊ’ என்று ஒரு நீளமான ஊளை கிளம்பும். வெளியூர்க்காரர்கள் அதை ‘பூஊஊ’ என்று கேட்டு, சொந்த ஆளையே கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ‘வார்’ என்று ஒரு எண்ணைச் சொல்லி இப்போதெல்லாம் வாயை அடைக்கிறார்கள். கண்ணால் பார்த்ததைவிடக் கம்ப்யூட்டர் பெரிதா? – டல்லாஸ் வாசகர்

கம்ப்யூட்டர் பெரிதில்லை. ஆனால் கண் எல்லா ஆட்டத்தையும் பார்ப்பதில்லையே. ஓர் ஆட்டக்காரர் பேட்டால், ஓட்டத்தால், ஃபீல்டிங்கால் எத்தனை ரன் ஈட்டினார், எத்தனை தடுத்தார், எந்த இடத்தில் நின்று ஆடினார் என்று கூட்டுகிறார்கள். அவர் இடத்தில் கீழ்நிலை லீக்கிலிருந்து சுலபமாகக் கிடைக்கும் ஒருவரை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதில் கழிக்கிறார்கள். ஏறக்குறைய பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி. மிச்சம் இருப்பதுதான் வார்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் விட்டேக்கருக்கு 75.1. அதே செகண்ட் பேஸ் ஆடிய ரைன் சேண்ட்பெர்க் 68, ராபர்டோ அலோமார் 67. அந்த இரண்டு பேருக்கும், பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலப் பலகை இருக்கிறது. இன்னொரு தளத்துக்குப் போனால் விட்டேக்கரே 70-க்குக் கீழே இறங்கிவிடுவார். பழைய காலத்து ஃபீல்டிங் கணக்கில் பாதி அனுமானம். அதனால் 75-க்கும் 68-க்கும் நான் யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன். 75-க்கும் 38-க்கும் நிற்பேன். அந்த 38 யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: டிராமெல் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், விட்டேக்கர் இல்லை. இது எப்படி நடந்தது? – டெட்ராய்ட் பக்கத்து வாசகி, நோவை

அம்மா, நம்ம ஊர்க்காரர்! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இருவரும் ஒரே நாளில் அறிமுகம்: 1977 செப்டம்பர் 9, பாஸ்டன் ஃபென்வே பார்க், இரட்டை ஆட்டத்தின் இரண்டாவது ஆட்டம். 1,918 ஆட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். 1984-இல் சேர்ந்தே உலகத் தொடரை வென்றார்கள். மொத்த ஹிட் எண்ணிக்கை டிராமெல் 2,365, விட்டேக்கர் 2,369. நான்கே நான்கு வித்தியாசம், அதுவும் விட்டேக்கர் பக்கம்.

ஓட்டுப் போடுவது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து வருஷம் உறுப்பினராக இருந்தவர்கள். ஒரு சீட்டில் பத்துப் பெயர்தான் எழுதலாம். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே. 5 சதவீதம்கூட வாங்காவிட்டால் அடுத்த வருஷம் பட்டியலிலேயே பெயர் இருக்காது. 2001-இல் விட்டேக்கர் முதன்முறையாகப் பட்டியலில் வந்தார். அந்த வருஷம் டேவ் வின்ஃபீல்டும் கிர்பி பக்கெட்டும் தேர்வானார்கள். விட்டேக்கருக்கு விழுந்தது 515-இல் 15 ஓட்டு, 2.9 சதவீதம். முதல் சுற்றிலேயே டெபாசிட் காலி. டிராமெல்லும் ஜெயிக்கவில்லை. ஆனால் 5 சதவீதத்துக்கு மேலே தொங்கிக்கொண்டே 15 வருஷம் பட்டியலில் இருந்தார். அதிகபட்சம் 40.9-தான் கிடைத்தது. இருந்தாலும் வருஷா வருஷம் அவர் பெயரைப் பற்றி யாராவது எழுதினார்கள். 2017 டிசம்பரில் ஒரு தனிக் குழு அவரையும், அதே அணியின் பிட்சர் ஜாக் மாரிஸையும் தேர்ந்தெடுத்தது. ஏற்புரையில் டிராமெல், ஒருநாள் லூவும் இந்த மேடைக்கு வருவார் என்று நம்புவதாகச் சொன்னார்.

என் அபிப்பிராயம்: விட்டேக்கரிடம் எதுவும் குறையவில்லை, தலைப்புச் செய்திதான் இல்லை. 3,000 ஹிட் கிடையாது, எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது கிடையாது. டிராமெல்லுக்கு 1984 உலகத் தொடர் நாயகன் பட்டம் இருந்தது. எல்லாவற்றையும் நன்றாகச் செய்பவனை யாரும் கவனிப்பதில்லை, ஒன்றைப் பிரமாதமாகச் செய்பவனுக்குத்தான் மாலை. நிருபர்களிடம் வளவளவென்று பேசும் சுபாவமும் இவருக்கு இல்லை. ஓட்டு இருந்ததோ நிருபர்கள் கையில்.

ஒரு வேடிக்கை. 1985 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மின்னசோட்டா போனவர், சீருடையைக் கார் பின்சீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். மைதானக் கடையில் ரசிகர்களுக்கு விற்கும் சட்டை ஒன்றை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் ‘1’ என்று எழுதிக்கொண்டு இறங்கி ஆடினார். அந்தச் சட்டையை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. சட்டைக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: 2024-இல் திடீரென்று வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் இரண்டாம் இடத்துக்குப் போய், ஜாஷ் கிப்சன் முதலிடம் வந்துவிட்டார். இறந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு சாதனை படைக்க முடியுமா? – பள்ளி மாணவி, ஃப்ரீமாண்ட்

சாதனையை அவர் அப்போதே செய்துவிட்டார், கண்ணு. ஏட்டில் ஏற்றத்தான் இவர்களுக்கு இவ்வளவு நாள் ஆனது. கறுப்பினத்தவரை மேஜர் லீக் (முதல்தர பேஸ்பால்) சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அவர்கள் தனி லீக்குகள் நடத்தினார்கள். 1920 முதல் 1948 வரையிலான ஏழு லீக்குகளை மேஜர் லீக் தரம் என்று 2020 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டார்கள். பழைய செய்தித்தாள்களைத் துழாவி ஆராய்ச்சியாளர்கள் சேர்த்த ஸ்கோர்கள் 2024 மே மாதம் பொது ஏட்டில் கலந்தன. கிப்சனின் வாழ்நாள் சராசரி .372. காப் .367. 1943-இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு கிப்சன் அடித்த .466, ஒரு சீசனுக்கான உச்சம்.

‘குறைந்த ஆட்டம், அதனால் சராசரி ஊதிவிட்டது’ என்பது எதிர்க்கட்சி வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காப் 11,000 தடவைக்கு மேல் பேட் பிடித்தவர், கிப்சனின் எண்ணிக்கை அதில் கால்பங்குகூட வராது. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார். கூப்பர்ஸ்டவுனில் கிப்சனின் பலகை ‘ஏறக்குறைய 800 ஹோம் ரன்’ என்கிறது. அதிகாரபூர்வ ஏட்டில் 200-கூட இல்லை. ஊர் ஊராகப் போய் ஆடிய ஆட்டங்கள் லீக் கணக்கில் வராததே காரணம். சராசரியில் லாபம் என்றால் ஹோம் ரன்னில் பெரும் நஷ்டம். 1947 ஜனவரியில், 35 வயதில் அவர் இறந்தார். அந்த நிறத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்தது அதே வருஷம் ஏப்ரல் 15.

கேள்வி: பிட்சரின் வெற்றி–தோல்விக் கணக்கை இப்போது யாரும் மதிப்பதில்லையே, ஏன்? – சிங்கப்பூர் வாசகர்

1987, நோலன் ரயான், ஹூஸ்டன். அந்த லீக்கிலேயே மிகக் குறைந்த இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி), 2.76. மிக அதிக ஸ்ட்ரைக் அவுட், 270. வெற்றி 8, தோல்வி 16. தன் அணி ரன் அடிக்காததற்கு அவர் என்ன செய்வார்? அப்போது சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. 2010-இல் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13–12, 2018-இல் ஜேக்கப் டிகிராம் 10–9. இரண்டு பேருக்கும் விருது. ரயான் முன்னதாகப் பிறந்துவிட்டார்.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோவுக்கு ஓட்டுப் போடாத அந்த ஒருவர் யார்? – பெயர் வேண்டாம், சென்னை

394-இல் 393. அந்த ஒருவரும் உங்களைப் போலத்தான், ‘பெயர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்.

கேள்வி: உண்மையில் அங்கீகாரம் மறுக்கப்பட்டவர் பீட் ரோஸ்தானே? – மதுரை வாசகர்

இல்லை. 4,256 ஹிட் அடித்தவர், மேஜர் லீக் சாதனை. மேனேஜராக இருந்து சொந்த அணியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டினார், 1989-இல் தடை விழுந்தது. 2024-இல் இறந்தார், 2025 மே மாதம் தடையை நீக்கினார்கள். பலகை இல்லையே தவிர, அவர் பெயர் தெரியாத அமெரிக்கன் உண்டா? தண்டனை வேறு, மறதி வேறு. (அதிகமுறை அவுட் ஆனவரும் அவரேதான். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.)

மறக்கப்பட்டவர் வேண்டுமென்றால் கர்ட் ஃப்ளட் பெயரைச் சொல்வேன். ஃபீல்டிங்குக்கு ஏழு கோல்ட் கிளவ் விருது வாங்கியவர். 1969 கடைசியில் செயின்ட் லூயிஸ் அணி, அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் அணியின் சொத்து மாதிரி. ஒப்பந்தம் முடிந்தாலும் போக முடியாது. ஃப்ளட் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5–3 என்று தோற்றார். கைநிறையச் சம்பளம் போனது, ஆட்ட வாழ்க்கையும் போனது. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பிட்சர்கள் நடுவர் தீர்ப்பில் அந்த விலங்கை உடைத்தார்கள். ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் வந்துவிட்டார். ஃப்ளட் இன்னும் வெளியே.

கேள்வி: விட்டேக்கரை உள்ளே விட யாரை வெளியே அனுப்புவீர்கள்? – அதே கும்பகோணம் ரசிகர் (இரண்டாவது தபால்)

யாரையும் அனுப்ப வேண்டாம், அங்கே சுவர் நிறைய இடம் இருக்கிறது. ஆனால் அந்த 38-ஐச் சொல்கிறேன் என்றேனே, அவர் ஹெரால்ட் பெயின்ஸ். 2,866 ஹிட், நல்ல பேட்டர், தங்கமான மனுஷன். வார் 38.7. எழுத்தாளர்கள் ஓட்டில் ஒருதடவைகூட 7 சதவீதத்தைத் தொடாதவர். 2018 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழு 12 ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தது. குழுவில் அவருடைய முன்னாள் மேனேஜர் டோனி லா ரூசாவும், அவர் ஆடிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் முதலாளி ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃபும் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து இன்னொரு 16 பேர் குழுவின் முன் விட்டேக்கர் பெயர் வந்தது. ஆறு ஓட்டு. 2022-இலும் 2025-இலும் குழுவுக்குப் போன எட்டுப் பெயர்களில் அவரைச் சேர்க்கவே இல்லை. அவர் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வாய்ப்பு 2028 டிசம்பர். அப்போது அவருக்கு வயது 71 ஆகியிருக்கும். குழுவில் டெட்ராய்ட்காரர் யாராவது உட்கார்ந்தால் பரவாயில்லை. நமக்கும் ஒரு லா ரூசா வேண்டாமா?