வாங்கும் முன்: டிகிரியைக் காட்டி விற்கப்படும் கருவிகள்

கோடை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளிரூட்டும் கருவிகளையும் சூடாக்கும் கருவிகளையும் பற்றியவை. இடம் கருதி அவற்றைச் சுருக்கி, பதில்களுடன் தருகிறேன்.

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கினேன். 16 டிகிரியில் வைத்தால்தான் வேகமாகக் குளிரும் என்று பொருத்த வந்தவர் சொன்னார். ஆனால் பிற்பகலில் அறை 27 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. இயந்திரம் பழுதா? (மதுரை வாசகர்)

பதில்: பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரிமோட்டில் நீங்கள் வைக்கும் எண், எந்த வெப்பநிலையில் நிறுத்த வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்கிறதே தவிர, எவ்வளவு விரைவாக வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. அறை 27 டிகிரியில் இருக்கும்போது நீங்கள் 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அது தன் முழுத் திறனில்தான் ஓடும். அறையின் வெப்பநிலையை வங்கிக் கணக்கின் இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, மேற்குச் சுவர், ஜன்னல் கண்ணாடி, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் உடலிலிருந்தும் வரும் ஏறத்தாழ 100 வாட், தொலைக்காட்சி இழுக்கும் மின்சாரம் ஆகிய அனைத்தும் வரவு; ஏசி வெளியே தள்ளுவது செலவு. உங்கள் அறையில் பிற்பகலில் இரண்டும் சமமாகிவிடுவதால் இருப்பு 27-லேயே நிற்கிறது.

இனி, பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தும் ‘டன்’ கணக்குக்கு வருகிறேன். இது பனிக்கட்டி வணிகக் காலத்தின் அளவு. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பிய அந்த வணிகம் சென்னைக்கும் வந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அதற்காகக் கட்டப்பட்ட கிடங்குதான். ஒரு கிலோ பனிக்கட்டி தன் வெப்பநிலை சிறிதும் மாறாமல் உருகுவதற்கு 334 கிலோஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். வாட் கணக்கில் சுமார் 3,517. அப்படியானால் ஒன்றரை டன் என்பது 5,275 வாட் இருக்க வேண்டும். ஆனால், ஒன்றரை டன் என்று சொல்லி விற்கப்படும் பல இயந்திரங்களின் நட்சத்திர லேபிளில் 4,700 முதல் 5,000 வாட் வரைதான் அச்சிடப்பட்டிருக்கிறது. உண்மையான எண் அந்தப் பெட்டியிலேயே இருக்கும்போது விற்பனையாளர் அதைச் சொல்லாமல் டன்னையும் 16 டிகிரியையும் மட்டும் சொல்வது முறையல்ல. வாங்குபவர் அதைப் படிக்காமல் பணம் கொடுப்பதும் முறையல்ல. ஏசி வாங்கும்போது குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று கேளுங்கள், லேபிளில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போது தேவை இன்னொரு ஏசி அன்று. கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டு வரவைக் குறையுங்கள். எண்ணை 24-இல் வையுங்கள். 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகளின் தொடக்க அளவாக அரசு நிர்ணயித்திருப்பதும் அதுதான். வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் 1850-களில் வகுத்த விதிப்படி, அப்படித் தள்ளுவதற்கு வேலை செய்தாக வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை இடைவெளி கூடக்கூட அந்த வேலையும் உங்கள் மின்கட்டணமும் கூடும்.

கேள்வி: மேசையில் வைக்கும் மினி ஏசி 1,999 ரூபாய் என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் நான்கு மணி நேரத்துக்கு அறையையே குளிர்விக்குமாம். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அது ஏசி அன்று, ஈரத் துணிக்குப் பின்னால் வைத்த ஒரு சிறு மின்விசிறி. நீர் ஆவியாகும்போது கிலோவுக்குச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. அரை லிட்டரும் நான்கு மணி நேரத்தில் முழுவதும் ஆவியானால்கூட அது எடுப்பது 84 வாட் அளவுதான். அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் உடல் அதைவிட அதிகமாக வெப்பத்தை வெளியிடுகிறது. மேலும் அந்த நீராவி அறைக்குள்ளேயே தங்குகிறது. சென்னையின் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால், தண்ணீர் ஆவியாவதும் மெதுவாகும், வியர்வை உலர்வதும் தடைப்படும். பெரிய ஏர் கூலர்கள் வறண்ட ஊர்களில் நன்றாக உழைக்கின்றன. அங்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து வைத்தால் சின்ன அறை குளிராதா? (சேலம் வாசகர்)

பதில்: குளிராது, சூடாகும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும் கம்ப்ரசர் இழுத்த மின்சாரத்தையும் சேர்த்துப் பின்புறக் குழாய்கள் அதே அறையில்தான் விடுகின்றன.

கேள்வி: குளிருக்கு ஹீட்டர் வாங்கப் போனோம். 2,000 வாட் கம்பிச்சுருள் ஹீட்டர் மலிவாக இருந்தது. அதே 2,000 வாட்டில் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் பல மடங்கு விலை. மின்சாரம் பாதியாகக் குறையும் என்கிறார்கள். உண்மையா? (கொடைக்கானல் வாசகி)

பதில்: உண்மையில்லை. இரண்டும் மணிக்கு 2 யூனிட் மின்சாரத்தை எடுத்து, அதை முழுவதும் வெப்பமாக மாற்றும். எண்ணெய் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். கையைச் சுடும் கம்பிச்சுருள் வெளியே தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்காக வாங்குவது நியாயமான காரணம். மின்சாரம் மிச்சமாக வேண்டுமென்றால், குளிர்விக்கவும் சூடாக்கவும் வல்ல ஏசியைப் பாருங்கள்: அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து உள்ளே ஏற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும்.

கேள்வி: 3 லிட்டர் உடனடி கீசர் வாங்கினேன். குழாயை முழுவதும் திறந்தால் வெதுவெதுப்பாகக்கூட வருவதில்லை. பெட்டியில் 3 கிலோவாட் என்று போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். இழப்பீடு கேட்கலாமா? (உதகை வாசகர்)

பதில்: கேட்க முடியாது. பெட்டியில் எழுதியிருந்ததையே அது செய்கிறது, நீங்கள் படிக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 3 கிலோவாட் அதை 14 டிகிரிதான் உயர்த்தும். 12 டிகிரியில் வரும் உங்கள் ஊர்த் தண்ணீர் 26 டிகிரியில் விழும். தண்ணீர் இவ்வளவு குளிராத கோவையில் இதே கீசர் யாருக்கும் குறையாகத் தெரியாது. குழாயைப் பாதியாகக் குறைத்து நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் விட்டால் 40 டிகிரி கிடைக்கும், ஒரு வாளி நிறையப் பத்து நிமிடம் ஆகும். அது பொறுக்காது என்றால் 25 லிட்டர் கீசர் வாங்குங்கள். இம்முறை வாட், லிட்டர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற என் அப்பா, எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் தானே ஓடும் ஜெனரேட்டர் என்று நம்பி 85,000 ரூபாய் அனுப்பிவிட்டார். வந்த பெட்டி பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். குற்றம் செய்தவர் விற்றவர். ஏமாற்றப்பட்டவர் உங்கள் அப்பா. மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டர் தரும் மின்சாரம் மோட்டாரையும் ஓட்டி வீட்டு விளக்கையும் எரிக்கும் என்பதுதான் இத்தகைய கருவிகளின் கதை. அச்சில் ஏற்படும் உராய்வும் கம்பியின் மின்தடையும் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கி வெளியே விட்டுவிடும். நீரைத் துடுப்பால் கலக்கி, செலவான வேலை அத்தனையும் வெப்பமாகத் தோன்றுவதை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1840-களில் அளந்து காட்டினார். வேலை ஒன்றுமில்லாததிலிருந்து பிறப்பதில்லை. அதற்கும் முன்பே, 1775-இல், பாரிஸ் அறிவியல் கழகம் நிரந்தர இயக்கக் கருவிகள் பற்றிய விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று ஆகியவற்றை இன்றே சேமித்துவிடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். விற்றவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காவல் நிலையத்திலும் மோசடிப் புகார் கொடுங்கள். நோட்டீஸ் எழுதுவதில் தடுமாற்றம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உடனே பதில் தருகிறேன்.

கேள்வி: 24 மணி நேரம் சூடு தாங்கும் ஃபிளாஸ்க் என்பதை எப்படிச் சோதிப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: எத்தனை டிகிரியில் தொடங்கி எத்தனை டிகிரியில் முடியும் என்று சொல்லாத 24 மணி நேரத்துக்குப் பொருளே இல்லை. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டூவர் 1892-இல் உருவாக்கிய இந்த அமைப்பில் இரு சுவர்களுக்கு இடையே காற்று நீக்கப்பட்டிருக்க வேண்டும். கொதிநீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொடுங்கள். நடுப்பகுதி சூடாக இருந்தால் வெற்றிடம் இல்லை. நான் வாங்கிய ஒன்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, இரட்டைச் சுவருக்குள் வெறும் காற்றுதான் இருந்தது, விற்ற கடை திரும்பப் பெற மறுத்தது. அதனால் முடிந்தவரை கடையிலேயே வெந்நீர் கேட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். எண்ணெய் புகையும்போதும் எவர்சில்வர் வாணலியின் வெளிப்பக்கத்தில் 60 டிகிரிதான் காட்டுகிறது. போலியா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: போலி அன்று. பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக மிகக் குறைவாகவே வெளியிடும். கருவி பார்ப்பது பெரும்பாலும் அடுப்படியின் பிரதிபலிப்பை. வாணலியை விட்டுவிட்டு எண்ணெயின் மேற்பரப்பை நேர் மேலிருந்து அளந்து பாருங்கள்.