செக் பவுன்ஸ் வழக்கில் வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈகோர்ட்ஸ் (eCourts) என்ற அரசு இணையதளத்திலேயே வழக்கின் நிலை தெரியும். சம்மனே வரவில்லையா? வீடு மாறியிருந்தால், அநேகமாகப் பழைய முகவரிக்குப் போயிருக்கும்.

1. மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு கொடுத்துப் பெயரைத் தேடுங்கள். இனிஷியலோடும் இல்லாமலும் தேடுங்கள், எழுத்துப்பிழை அங்கே சகஜம்.

2. கிடைத்தால் சிஎன்ஆர் (CNR) எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்ணை, குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவாகத் திறந்து 'என்பிடபிள்யூ' (NBW) என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஜாமீனில் வர முடியாத பிடிவாரண்ட்.

இருந்தால், வக்கீலோடு அதே கோர்ட்டில் நேரில் ஆஜராகி வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனு போடுங்கள். கோர்ட் ரத்து செய்யும்வரையோ போலீஸ் பிடிக்கும்வரையோ வாரண்ட் உயிரோடுதான் இருக்கும்; நாளானால் தானாகப் போய்விடாது.

தளத்தில் பதிவேற்றம் தாமதமாகலாம். பெயர் வரவில்லை என்றாலும் வக்கீலை விட்டு கோர்ட்டில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.