ஸ்டிக் டிரிஃப்ட், எஸ்எஸ்டி, பிரேம் ரேட்: கன்சோல் கேள்வி பதில்

கே: கண்ட்ரோலரைத் தொடாமலேயே கேரக்டர் இடப்பக்கம் நடக்குது. புதுசு வாங்கணுமா சார்?

ப: அவசரப்படாதீங்க. இதுதான் ஸ்டிக் டிரிஃப்ட்: தொடாமலேயே ஸ்டிக் நகர்ந்ததாகக் கன்சோல் நினைத்துக்கொள்வது. ஸ்டிக்கின் அடியில், அது எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும். கரித்தடத்தின் மேல் ஒரு உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும். தூசி சேர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ நடுநிலை பிசகும். முதலில் கேம் செட்டிங்ஸில் டெட் ஸோனை, அதாவது நடுவில் சிறு அசைவைக் கேம் கண்டுகொள்ளாத பகுதியை, கொஞ்சம் கூட்டுங்கள். சரிவராவிட்டால் கண்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கைச் சாய்த்து, அடியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டே சொட்டு விட்டு முப்பது சுற்று சுழற்றுங்கள். அரைமணி நேரம் காயட்டும்.

சில நாளில் திரும்ப வந்தால் அது தேய்மானம். பல கண்ட்ரோலர்களில் ஸ்டிக் மாட்யூலை (சென்சாரோடு சேர்ந்த முழு ஸ்டிக் பாகம்) மாற்ற 14 முனைகளில் சால்டரை உருக்கி எடுக்கணும். பழகாத கை போர்டையே உரித்துவிடும். மாற்றுவதென்றால் ஹால் எஃபெக்ட் வகை போடுங்கள். காந்தப்புலத்தை அளப்பதால் சென்சாரில் உரசலே கிடையாது. ஆனால் கேலிபிரேஷன் (நடுநிலையைச் சரியாகப் பொருத்துவது) செய்யாமல் விட்டால் புது மாட்யூலும் டிரிஃப்ட் ஆகும். வாரண்டி இருந்தால் திருகைத் தொடாதீர்கள்.

கே: ஆல்கஹாலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய்?

ப: வேண்டாம். எண்ணெய் இருக்கிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கே: பிஎஸ்5-ல் (பிளேஸ்டேஷன் 5) சேமிப்பைக் கூட்ட எந்த எஸ்எஸ்டி?

ப: எம்.2 வடிவம், பிசிஐஇ ஜென் 4 இணைப்பு, படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மி.மீ. தாண்டக்கூடாது. மூடியைத் திறக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். யுஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேமைச் சேமிக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது.

கே: வலது ஸ்டிக் தானா சுத்துது.

ப: முதல் பதில்.

கே: மனுஷக் கண்ணுக்கு நொடிக்கு 24 பிரேம் (படம்) போதும். 60 எல்லாம் விளம்பரம்தானே?

ப: சினிமாவில் கேமராவின் அசைவு மங்கல் 24-ஐக் காப்பாற்றுகிறது, தவிர, அங்கே நீங்கள் பட்டன் அமுக்குவதில்லை. 30-ல் ஒரு பிரேம் 33.3 மில்லி விநாடி, 60-ல் 16.7. வித்தியாசத்தை உணர்வது விரல்.

கே (மீண்டும் அவரே): அப்போ கேம்ல 40 பிரேம் மோடு எதுக்கு? 30-லிருந்து பத்துதான கூட?

ப: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 40 என்றால் 25 மில்லி விநாடி, 33.3-க்கும் 16.7-க்கும் நட்டநடு. கிராஃபிக்ஸைப் பெரிதாக விட்டுக்கொடுக்காமல் பாதித் தூரம் வந்தாச்சு. ஆனால் 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை வேண்டும். 120-ஐ 40 மூன்றாக வகுக்கும். 60-ஐ ஒன்றரையாகத்தான் வகுக்கும், அதனால் காட்சி திக்கும்.

கே (இன்னொருவர்): எனக்கு 60-லயும் பட்டன் லேட்டாத்தான் கேட்குது.

ப: டிவியில் கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கும் செட்டிங்) போட்டீர்களா? போட்டுவிட்டு வாங்க.

கே: எமுலேட்டருக்கு (வேற கன்சோல் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) கேமோட ரோம் (ROM) ஃபைல் எங்க கிடைக்கும்?

ப: இங்கே இல்லை.

கே: ஜாய்ஸ்டிக் தானா நகருது, ஹெல்ப் பண்ணுங்க அண்ணா.

ப: முதல் பதில், தம்பி. இரண்டே சொட்டு. பாட்டிலைக் கவிழ்க்காதே.