தள்ளுபடியே தராத ஒரு கேமை முழு விலைக்கு வாங்கினேன்

"விலை குறைந்த கேம் என்றாலே தரமும் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இது என் பிரமையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரமை இல்லை, எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. என் அனுபவத்தில், விலைக்குத் தக்கபடி ஏறி இறங்குவது நம் பொறுமைதான்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் என் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள் கிடக்கின்றன. பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கியவை. பலவற்றை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்தவற்றையும் அரைமணி நேரத்தில் மூடியிருக்கிறேன். நூறு ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

ஃபேக்டோரியோ என்ற, தொழிற்சாலை கட்டும் கேமை அப்படி விட முடியவில்லை. பிராக் நகரத்து வூப் சாஃப்ட்வேர் உருவாக்கியது. 2016இல் ஸ்டீமுக்கு வந்தபோது விலை 20 டாலர். 2018இல் 30 ஆனது. 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் சொல்லி 35 ஆக்கினார்கள். தள்ளுபடி தரும் எண்ணமே இல்லை என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்காமல் இரண்டு கோடைத் தள்ளுபடிகளுக்குக் காத்திருந்துவிட்டு, பிறகு முழு விலை கொடுத்து வாங்கினேன்.

தொடக்கம் எனக்குச் சலிப்பாக இருந்தது. கையால் இரும்புத் தாதை வெட்ட வேண்டும், கல் உலையில் கரி போட வேண்டும், தகடு வரும்வரை நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கேட்கவும் நினைத்தேன். ஆனால் இவ்வளவு கொடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பச்சை மின்சுற்றுப் பலகைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பலகைக்கு ஓர் இரும்புத் தகடு, மூன்று செப்புக் கம்பி. கம்பிக்கு மூன்று இயந்திரம் வைத்தால் பலகைக்கு இரண்டு இயந்திரம் ஓயாமல் ஓடும். அந்தக் கணக்கு பிடிபட்டு, கன்வேயர் பெல்ட் முழுக்கப் பலகைகள் இடைவெளி இல்லாமல் நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே உடல் சிலிர்த்தது. இதே கேம் நூறு ரூபாய்க்குக் கிடைத்திருந்தால் முதல் நாளே மூடியிருப்பேன்.

பக்கத்துக் கடை விலையும் நம் கண்ணை மாற்றுகிறது. 2016 டிசம்பரில் நிண்டெண்டோ ஐபோனுக்கு சூப்பர் மாரியோ ரன் கேமைக் கொண்டுவந்தது. தொடக்க நிலைகள் இலவசம்; முழுவதும் வேண்டுமானால் ஒரே தடவை 10 டாலர். கன்சோலில் மாரியோவுக்கு 60 டாலர் கொடுத்துப் பழகிய உலகத்தில் இது கொள்ளை மலிவு. ஆனால் அந்த ஃபோனில் சுற்றிலும் இருந்தவை இலவச கேம்கள். விலை அதிகம் என்று மதிப்புரைகளில் பொரிந்து தள்ளினார்கள். எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிண்டெண்டோவே பின்னர் சொன்னது. பத்து டாலருக்குப் பிறகு ஒரு பைசாகூடக் கேட்காத நேர்மையான விற்பனைமுறை அது. அது தோற்றதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதை வேம்பயர் சர்வைவர்ஸ். ஐந்து டாலர் கேம். 2023இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை, எல்டன் ரிங் என்ற பிரம்மாண்டமான கேமும் போட்டியில் இருக்க, இதுதான் வென்றது. அதற்குப் பல மாதங்கள் முன்பே வாங்கி, திறக்காமல் வைத்திருந்தேன். விருதுச் செய்தியைப் படித்த பிறகுதான் நிறுவினேன். அன்று இரவு மூன்று மணிக்குத்தான் கணினியை அணைத்தேன்.