பூவையும் தேனீயையும் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொல்லையில் இரண்டு பூசணிக்கொடி, ஒன்று பாட்டி எடுத்து வைத்த விதை, இன்னொன்று கடையில் வாங்கிய ஹைப்ரிட். காலை ஆறு மணியிலிருந்து பூ வாடும் வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எந்தப் பூவில் எத்தனை தேனீ என்று பன்னிரண்டு நாள் கோடு போட்டிருக்கிறாள். மழை பெய்த நாளைக்கூட விடவில்லை, "ஒன்றும் வரவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறாள். கடைசியில் ஒரு கேள்வி: விதை மாறினால் தேனீக்குப் பிடிப்பதும் மாறுமா?

நீட்டில் மார்க் குறைந்த வருத்தத்தில் இதை விளையாட்டு என்று சொன்னீர்கள். இதே கேள்வியை அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பிராட்ஷா, ஷெம்ஸ்கி என்ற இருவர் கேட்டார்கள். அங்கே மிமுலஸ் என்ற காட்டுச்செடியில் இரண்டு இனம் உண்டு. இளஞ்சிவப்புப் பூவுக்கு வண்டுத்தேனீ வரும், சிவப்புப் பூவுக்கு நம்மூர் தேன்சிட்டு மாதிரி தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் பறவை வரும். பூவின் மஞ்சள் நிறமியைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணுப் பகுதியை ஒரு இனத்திலிருந்து இன்னொன்றுக்கு, திரும்பத் திரும்பக் கலப்பு செய்தே, மாற்றி வைத்தார்கள். நிறம் மாறியது. சிவப்புப் பூ இனம் இளஞ்சிவப்பாகப் பூத்ததும் தேனீ வருகை 74 மடங்கு கூடியது; இளஞ்சிவப்பு இனம் மஞ்சள்-ஆரஞ்சாகப் பூத்ததும் பறவை வருகை 68 மடங்கு கூடியது. 2003-இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் மலையில் செய்ததும் இதேதான், பூ முன்னால் உட்கார்ந்து எண்ணினார்கள்.

சரி, வேலை. "மகரந்தச் சேர்க்கை விஞ்ஞானி தேவை" என்று விளம்பரம் வராது, அதைத் தேடினால் பயம்தான் கூடும். விதை உற்பத்தி என்று தேடுங்கள். சூரியகாந்தி ஹைப்ரிட் விதை எடுக்கும் வயலில் ஆண் வரிசை, பெண் வரிசை என்று மாற்றி மாற்றி நடுவார்கள். பெண் வரிசைச் செடிக்கு மரபணு வழியாக ஆண் மலட்டுத்தன்மை இருக்கும், அதாவது அதன் பூவில் மகரந்தமே இருக்காது. மகரந்தம் சேர்க்க வரும் தேனீ அங்கே போய் என்ன செய்யும்? ஆண் வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பெண் வரிசையில் மணி பிடிக்காது. அதனால்தான் வயலோரம் தேனீப் பெட்டி வைக்கிறார்கள், தேன் அதிகம் சுரக்கும் பெண் வரிசையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. துவரையிலும் இதே கதை. ஹைதராபாத் பக்கத்தில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஹைப்ரிட் துவரை 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது, அதற்கு விதை எடுத்துக்கொடுப்பதும் வயலில் பறக்கும் தேனீக்கள்தான். செடியின் மரபணுவும் தெரிந்து, பூச்சியின் போக்கும் தெரிந்த ஆள் குறைவு என்பது என் அனுபவம். ஒரு பக்கம் மட்டும் படித்தவர்கள் நிறைய.

இப்போது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்துச் சொல்கிறேன். நான்கு வருடத்தில் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் பிஎஸ்சி வேளாண்மை. கோவை வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். முடித்ததும் விதைக் கம்பெனி, வங்கி, வேளாண் துறை என்று வாசல்கள் இருக்கின்றன, விருப்பம் இருந்தால் பயிர் மரபியலிலோ பூச்சியியலிலோ எம்எஸ்சி. தனியார் கல்லூரி என்றால் ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பொறுத்திருக்க முடியும், ஆராய்ச்சிதான் என்றால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருடப் படிப்பு, அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு தனியாக எழுத வேண்டும். அப்புறம் பிஎச்டிக்கு இன்னும் ஐந்தாறு வருடம். ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர்களுக்கான அரசு நிதி) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை வரும், வீட்டில் கேட்க வேண்டியிருக்காது. ஆனால் நிலையான வேலைக்கு முப்பது வயது தாண்டிவிடும். இதை அவளிடம் மறைக்காதீர்கள், கல்யாணப் பேச்சு எழும்போது இதுதான் சண்டையாகும்.

பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயோடெக்கில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். நான்கு சுவருக்குள் உட்காரும் பிள்ளை இல்லை இவள். எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலை விடக்கூடாது, இந்தத் துறையில் எண்ணுவதோடு வேலை முடியாது, எண்ணியதிலிருந்து என்ன சொல்லலாம் என்பதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் நோட்டையும் கூட்டி வாருங்கள். அதற்குள் ஒன்று சொல்லிவிடுங்கள்: இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி என்று வைத்தால் வித்தியாசம் விதையாலா, வெயில் படும் இடத்தாலா என்று தெரியாது. இரண்டிலும் ஐந்தைந்து கொடி, கலந்து கலந்து நடட்டும்.