புகை படிந்த கம்பளத்தையும் சோபாவையும் மீட்பது எப்படி?

வீட்டில் தீப்பிடித்து அணைந்த பிறகு எழும் கேள்விகளுக்கு, மெத்தை இருக்கைகளையும் கம்பளங்களையும் துப்புரவு செய்யும் தொழிலில் உள்ள ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி (சென்னை): வரவேற்பறை ஏ.சி.யில் மின்கசிவால் தீப்பிடித்தது, விரைவாக அணைத்துவிட்டோம். சோபாவும் கம்பளமும் எரியவில்லை, ஆனால் கரி படிந்திருக்கிறது. ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் போய்விடுமா ஐயா?

பதில்: தயவுசெய்து இப்போது தண்ணீரே படவிடாதீர்கள். விறகும் காகிதமும் எரிந்தால் வரும் கரி பெரும்பாலும் உலர்ந்த தூளாக இருக்கும். உங்கள் ஏ.சி.யில் உள்ளதுபோன்ற பிளாஸ்டிக் எரிந்தால் வருவதோ பிசுபிசுப்பானது, ஈரத்துணியால் தேய்த்தால் இழைக்குள் இறங்கிச் சாயம்போலப் பிடித்துக்கொள்ளும். நான் கைவிட நேர்ந்த கம்பளங்களில் பல, முதல் நாளே அவசரமாகக் கழுவப்பட்டவை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் ஒருவர் சோதித்த பிறகே எந்தக் கருவியையும் இயக்குங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள், கரி மற்ற அறைகளுக்கும் பரவும். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோபா, கம்பளம் ஆகியவற்றின் மேல் பழைய விரிப்பைப் போட்டுவிட்டு, கூரையையும் சுவரையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். தரைக் கம்பளம் கடைசியில்தான். அதற்கு, மிக நுண்ணிய துகளையும் பிடித்துவைக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் வேண்டும்; கரித்துகள்களில் பெரும்பகுதி 2.5 மைக்ரானுக்கும் சிறியவை என்பதால், சாதாரணக் கருவி அவற்றை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் காற்றில் விட்டுவிடும். தூரிகை முனையைக் கழற்றிவிட்டு, குழாயை இழைகளின் மேல் அழுத்தாமல் சற்றே உயர்த்திப் பிடித்து உறிஞ்சுங்கள். பொறுமையாகப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகும் எஞ்சும் பிசுபிசுப்புக்கு, தண்ணீரில்லாமல் அழுக்கைக் கரைக்கும் உலர்சலவைக் கரைப்பான் (டிரை கிளீனிங் திரவம்) தேவைப்படும். அதைத் தொழில்முறையாளரிடம் விடுங்கள்; அவரையும் மறைவான மூலையில் சாயம் போகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): தீயணைப்புக் கருவியின் மஞ்சள் தூள் சோபா முழுவதும் கொட்டிக் கிடக்கிறது.

பதில்: வீடுகளில் வைக்கும் ஏ.பி.சி. வகைக் கருவியில் பெரும்பாலும் மோனோ அமோனியம் பாஸ்பேட் என்ற வேதித்தூள் இருக்கும். ஈரம் பட்டால் அது அமிலத்தன்மை கொண்டு ஜிப், ஆணி, ஸ்பிரிங் ஆகியவற்றை அரிக்கும். ஆகவே இதையும் உலர்ந்த நிலையிலேயே உறிஞ்சி எடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): அடுப்பில் மறந்துவிட்ட கறிக்குழம்பு கருகிப் புகைந்தது. எங்கும் கறுப்பே இல்லை, ஆனால் சோபாவிலும் திரைச்சீலையிலும் நாற்றம் போகவில்லை. தினமும் சாம்பிராணி போடுகிறேன்.

பதில்: அம்மா, சாம்பிராணியை நிறுத்திவிடுங்கள். அதுவும் புகைதான், ஏற்கெனவே படிந்திருப்பதன் மேல் இன்னொரு படலத்தைச் சேர்க்கிறீர்கள். இறைச்சி கருகினால் வரும் படிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது, ஆனால் கடுமையாக நாறும். திரைச்சீலையைத் துவையுங்கள். சுவர், அலமாரி, மின்விசிறி இறக்கை எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் துடையுங்கள். அவற்றை விட்டுவிட்டு சோபாவை மட்டும் சுத்தம் செய்தால் நாற்றம் திரும்ப வரும். சோபாவின் மேல் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுங்கள்.

கேள்வி (திருச்சி): தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீரில் ஃபோம் சோபாவும் இலவம்பஞ்சு மெத்தையும் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்தால் போதுமா?

பதில்: போதாது. புகையும் நீரும் சேர்ந்து ஊறிய ஃபோமை மீட்க முடியாது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உள்ளே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தேக்குச் சட்டம் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஃபோமையும் உறையையும் மாற்றுங்கள். மெத்தையிலும் பஞ்சைப் புதிதாக அடைத்துவிடுங்கள். காப்பீடு இருந்தால், எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, நனைந்தவற்றை மொட்டை மாடிக்கு மாற்றி வையுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எறிய வேண்டாம்.

கேள்வி (சேலம்): புகை நாற்றத்தைப் போக்க ஓசோன் வாயுவை வெளியிடும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: கரியை முழுதும் அகற்றிய பிறகு மட்டுமே அதைப் பற்றி யோசியுங்கள். அது இயங்கும் வேளையில் மனிதர், வளர்ப்புப் பிராணி, செடி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, ஏனெனில் ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். ரப்பரையும் அது கெடுக்கும். ஆகவே லேட்டக்ஸ் (ரப்பர்) மெத்தையை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பவானி): பாட்டி தந்த ஜமுக்காளத்தில் கரி ஏறியிருக்கிறது.

பதில்: திறந்த வெளியில் கொடியில் போட்டு மெதுவாக உதறுங்கள், கட்டையால் அடிக்காதீர்கள். இருபுறமும் உறிஞ்சி எடுத்த பிறகு, ஈர வெள்ளைத்துணியை ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தலாம். ஒட்டினால் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.